பெயருக்கு நேராக

2018 நவம்பர். கஜா புயல் அடித்து ஓய்ந்திருந்த நாட்கள். கீரமங்கலம் பக்கம் ஒரு மாதா கோயில் வளாகத்தில் அரிசி கொடுத்துக்கொண்டிருந்தோம். நோட்டு என்னிடம் இருந்தது. பெயர், தெரு, வீட்டில் எத்தனை பேர், கையெழுத்து அல்லது கைநாட்டு. வரிசையில் வந்த வயதான அம்மா ஒருவர் கட்டைவிரலை ஒற்றிவிட்டு நகராமல் நின்றார்.

"எவ்வளவுன்னு போட்டீங்களா தம்பி?"

"எல்லாருக்கும் அஞ்சு கிலோதான் ஆத்தா. தனியா எழுத வேண்டியதில்ல."

"எல்லாருக்கும் இருக்கட்டும். எம் பேருக்கு நேரா போடுங்க."

போட்டேன். 5. பேனா தாளை விட்டு எழும்பும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் பையைத் தொட்டார். 1991இல் எழுத்தறிவிக்கும் அறிவொளி இயக்கம் தெருத்தெருவாக நடந்த மாவட்டம் இது. அவருக்கு எழுத்து ஒட்டவில்லை போலிருக்கிறது, எண் ஒட்டியிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். அன்று எத்தனையோ பேர் அழுதார்கள், சண்டை போட்டார்கள், ஒருவர் மயங்கி விழுந்தார். அவையெல்லாம் மங்கிவிட்டன. இந்த 5 மட்டும் போக மறுக்கிறது.

முதலில் தோன்றியது எளிய விளக்கம். ரேஷன் கடையில் ஒன்று கொடுத்து இன்னொன்று எழுதுவதைப் பார்த்துப் பழகியவர், இங்கேயும் அப்படி ஆகிவிடக்கூடாது என்று நினைத்திருப்பார். நியாயமான பயம். ஆனால் அந்தப் பயம் இருந்தால் முன்னால் நின்றவருக்கும் பின்னால் நின்றவருக்கும் சேர்த்தல்லவா கேட்டிருப்பார்? அவர் கேட்டது தன் பெயருக்கு நேராக மட்டும்.

அந்த வட்டாரத்தை அறிந்தவர்களுக்கு இன்னொன்று தோன்றும். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், தஞ்சை மாவட்டப் பக்கம் பேராவூரணி என்று அந்தப் பகுதி முழுக்க ஆடி பிறந்தால் மொய் விருந்துதான். கிடா வெட்டிச் சோறு போடுவார்கள். சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு மொய் எழுதுவார்கள். நோட்டில் ஊர், பெயர், தொகை. அந்தத் தொகை கடன். சில வருடங்களில் மொய் எழுதியவர் விருந்து வைக்கும்போது திரும்பிப் போக வேண்டும், முடிந்தால் மேலே கொஞ்சம் புதிதாகவும் சேர்த்து. வட்டியில்லை, பத்திரமில்லை. அந்த நோட்டை நம்பிக் கிணறு வெட்டியிருக்கிறார்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், பிள்ளையைச் சிங்கப்பூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே பெயருக்கு நேராகத் தொகை இருந்தால் மதிப்புள்ள ஆள். தொகையில்லாத வெறும் பெயருக்கு அந்த நோட்டில் இடமே கிடையாது.

புயல் முறித்தது அவர்களுடைய தென்னையை, பலாவை. இருபது முப்பது வருடம் வளர்ந்தவை ஒரு விடியலுக்குள் சாய்ந்தன. அதுவரை கொடுத்தும் வாங்கியும் கணக்கு வைத்திருந்தவர்கள், திருப்பித்தர வழியில்லாத ஒன்றுக்காக முதல்முறையாக வரிசையில் நின்றார்கள். அந்த அம்மா எங்கள் அரிசியை மொய்யாக மாற்றிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றியது. இந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதால்தான் இதன்மேல் சந்தேகமும் வருகிறது. அவர் வாயால் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சிறுவயது ஞாபகம் ஒன்று இதோடு வந்து சேர்ந்துகொள்கிறது. நான் வளர்ந்தது விராலிமலைப் பக்கம், ஆவூருக்கு அருகே. 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இயேசு சபையினர் வந்து தங்கிய ஊர் ஆவூர். அறுபதுகளில் அந்தப் பக்கமெல்லாம் மழை பொய்த்த வருடங்கள் அதிகம். அமெரிக்காவின் பி.எல். 480 திட்டத்தில் கப்பலேறி வந்த கோதுமை, எண்ணெய், பால்பவுடர் கோயில் வழியாக எங்களுக்குக் கிடைக்கும். சாக்கில் ஒரு கேடயம் அச்சிட்டிருக்கும். நட்சத்திரம், கோடு, நடுவே குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகள். கோதுமை தீர்ந்த பிறகு அந்தச் சாக்கு எங்கள் வீட்டில் படுக்கையானது. படுத்துக்கொண்டே அந்தக் கைகளைப் பார்ப்பேன். எது கொடுத்த கை, எது வாங்கிய கை என்று படத்தில் தெரியாது.

அம்மாவுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் இரண்டு கோதுமை இருந்தது. கிணறு தூர்வாரப் போய் அப்பா கூலியாக வாங்கி வந்தது ஒன்று. கோயில் திண்ணையில் சும்மா கிடைத்தது இன்னொன்று. சாமியாரிடமிருந்து வந்த ஒரே கோதுமைதான், ஒரே சாக்குதான். ஆனாலும் அம்மா தனித்தனிப் பானையில் போட்டு வைப்பார். விருந்தாளி வந்தால் கிணற்றுக் கோதுமையில்தான் உப்புமா. மற்றது எங்களுக்கு மட்டும். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அது வேற, இது வேற" என்றார். அதற்குமேல் விளக்கம் எதுவும் கிடைக்கவில்லை.

பிறகு நானே கொடுக்கிற பக்கம் போய்ச் சேர்ந்தேன். கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை என்று ஒன்று இருக்கும். 1833இல் பாரீசில் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் தோழர்களோடு தொடங்கியது. வறுமைப்பட்ட குடும்பங்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது, அரிசியோ மருந்துச் செலவோ கொடுப்பது அதன் வேலை. கூட்டம் முடியும்போது ஒரு பை கைமாறி வரும். கையை உள்ளே விட்டுப் போட வேண்டும். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. வலது கை கொடுப்பதை இடது கைக்கு மறைக்கச் சொன்ன மலைப்பொழிவின் வழக்கம் அது. எனக்கு இன்றும் பிடித்த வழக்கம். ஆனால் கொடுப்பவருக்கு இருக்கிற அந்த மறைவு வாங்குகிறவருக்கு இல்லை. அவர் பெயர் நோட்டில் ஏறுகிறது. வெளியிலிருந்து பெரிய உதவி வந்தால் பையைப் பிடித்தபடி படமும் எடுக்க வேண்டும், அனுப்பியவர்கள் கேட்பார்கள். கேட்பதில் தவறில்லை, பணம் போய்ச் சேர்ந்ததா என்று தெரிய வேண்டுமே. ஆனால் அந்தக் கணக்கு வாங்கியவரிடமிருந்து மேலே மேலே போகிறதே தவிர, அவர் கைக்குத் திரும்பி வருவதில்லை. அந்த அம்மாவின் 5 மட்டும்தான் வாங்கியவருக்காக எழுதப்பட்டது. தட்டச்சு செய்து அனுப்பிய பட்டியலில் அது இடம்பெறவில்லை. குடும்பங்களின் மொத்தமும் மூட்டைகளின் மொத்தமும் போதும் என்றார்கள்.

எப்போதோ படித்த ஒரு பஞ்சக் கதையை இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சம். ஓங்கோலில் ஜான் கிளவ் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் பாதிரியார் இருந்தார். சும்மா கஞ்சி ஊற்றுவதோடு நிற்காமல் பக்கிங்காம் கால்வாயில் சில மைல் தூரத்தைக் ஒப்பந்தத்துக்கு எடுத்து, பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கு மண் வெட்டும் வேலை கொடுத்தார். வேலைக்குக் கூலி. அந்த மாதங்களில் ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். வயிறு கேட்கிறதா, மனம் கேட்கிறதா என்று பிரித்தறிய முடியாத நேரத்தில் கொடுக்கக்கூடாது என்று நினைத்தார். பஞ்சம் தணிந்த பிறகு, 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இதைப் படித்தபோது அவர்மேல் பெரிய மரியாதை வந்தது, இன்னும் இருக்கிறது. சோற்றுக்கு விலை வைக்கக்கூடாது என்று கதவைச் சாத்தியவர். ஆனால் கதவு திறந்ததும் வந்து நின்ற 2,222 பேரும் எதற்காக வந்தார்கள்? நம்பிக்கையா, நன்றியா? திருப்பித்தர வேறெதுவும் கையில் இல்லாதவர்கள் தங்களையே மொய்யாக எழுதினார்களா? அவர்களிடமே கேட்டிருந்தாலும் இதைப் பிரித்துச் சொல்லியிருக்க முடியுமா என்று தெரியவில்லை. அந்த மக்களில் பெரும்பாலோர் தீண்டாமையில் வாடியவர்கள். தங்களோடு சேர்ந்து நின்ற ஒருவரை முதல்முறையாகப் பார்த்தவர்கள். அதை வெறும் சோற்றுக் கணக்கு என்று சொன்னால் அவர்களை இழிவுபடுத்துவதாகிவிடும்.

இப்போது எங்கள் பங்கில் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு நடக்கிறது. பிள்ளைகள் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்க, வீட்டில் தனியாகக் கிடப்பவர்கள் வருகிறார்கள். எல்லா மதத்தவரும்தான். அண்மையில் பங்குப் பேரவையில் ஒரு யோசனை வந்தது. வாசலில் உண்டியல் வைப்போம், முடிந்தவர்கள் ஐந்தோ பத்தோ போடட்டும், ஓசிச் சோறு என்ற கூச்சம் போகும் என்றார் ஒருவர். உடனே ஒரு சிஸ்டர் மறுத்தார். போட முடியாதவர்கள் உண்டியலைத் தாண்டி எப்படி உள்ளே வருவார்கள், மூன்றாம் நாளே நின்றுவிடுவார்கள் என்றார். சமையலுக்கு வருகிற அக்காவோ, காய் நறுக்கச் சொல்லுங்கள், முடிந்தவர்கள் நறுக்கட்டும் என்றார். அதற்கும் ஒருவர், கை நடுங்குகிறவர் என்ன செய்வார் என்று கேட்டார்.

எனக்கு அந்த அக்கா சொன்னதில்தான் மனம் போகிறது, அது அம்மாவின் கிணற்றுக் கோதுமை என்பதால். ஆனால் கை நடுங்குகிறவருக்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்றும் திருப்பித்தர முடியாத நிலை எல்லோருக்கும் ஒருநாள் வரும், எனக்கும் வரும். அன்று கணக்கில்லாமல் வாங்கிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் ஒரு பக்குவம் என்று ஒரு மனம் சொல்கிறது. அந்தப் பக்குவத்தை வாங்குகிறவரிடம் எதிர்பார்க்கக் கொடுக்கிறவனுக்கு என்ன உரிமை என்று இன்னொரு மனம் கேட்கிறது. பேரவையில் உண்டியலுக்கு ஆதரவாகவும் எதிராகவும் கை தூக்கச் சொன்னார்கள். இரண்டு முறையும் நான் தூக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்பார்கள்.