வாய்க்குள்ள வச்ச எலும்பு

போன மாசம் அம்மாவைப் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். வரிசையா நாற்காலி. பக்கத்து நாற்காலிக்குக் காத்திருந்த பெரியவர் எங்க ஊரு, தெருவெல்லாம் விசாரிச்சார். சொன்னதும் பையை எடுத்து மடியில் வச்சுக்கிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

ஈறு நோய் முத்தி, பல்லைத் தாங்குகிற தாடை எலும்பு அவருக்குக் கரைந்து பள்ளமாகியிருந்தது. நிரப்புவதற்கு டாக்டர் வெள்ளைக் குருணை ஒன்றை எடுத்தார். "இது என்ன தம்பி?" "எலும்பு வளர்ற மருந்துங்க ஐயா."

டப்பாவில் 'பொவைன்' என்று போட்டிருந்தது. எம்.ஏ. தமிழ் படிச்சவனுக்கும் அவ்வளவு இங்கிலீஷ் தெரியும். மாட்டெலும்பு!

மாட்டெலும்பிலிருந்து கொழுப்பு, புரதமெல்லாம் நீக்கி, மிஞ்சும் சுண்ணாம்புச் சட்டகத்தைக் குருணையாக்கி விற்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பயோ-ஆஸ் அப்படிப்பட்ட சரக்குதான். அதைப் பிடித்துக்கொண்டு நம் உடம்பு தன் எலும்பைக் கட்டுகிறது. துகள் லேசில் கரையாது. வருசக்கணக்கில் எலும்போடு எலும்பாய்க் கிடக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பழிவாங்கிய சிரிப்பு, ஒளிப்பானேன். மாட்டுக்கறி தின்றதைத் தீண்டாமையின் வேராகக் காட்டி அம்பேத்கர் 1948-ல் புத்தகமே எழுதினார். 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டுத் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் காரில் கட்டிவைத்து அடித்தார்கள். அதே மாடு அரைபட்டு டப்பாவில் வந்தால் மருந்து.

இதில் ஒரு பழைய கதை உண்டு. ரஷ்யாவில் ஒருவனுக்கு மண்டையில் வெட்டு. நாயின் மண்டையோட்டுத் துண்டை வைத்து அடைத்தார்களாம். புண் ஆறிப்போச்சு. ஆனால் திருச்சபை அவனைத் தள்ளிவைத்தது. அதை எடுத்துவிடச் சொல்லி வைத்தியரிடமே திரும்பப் போனான். யோப் வான் மேக்கரன் என்ற டச்சு வைத்தியரின் புத்தகத்தில், 1668-லேயே, இது அச்சாகியிருக்கிறது. உடம்பு ஏற்றுக்கொண்டதைச் சபை ஏற்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது சிரிப்பு அடங்கிவிட்டது. சொல்லாமல் செய்வது யார் உடம்பில் பழகிய வேலை? நெருக்கடி நிலைக் காலத்தில் குடும்பக் கட்டுப்பாடு என்று பிடித்துக்கொண்டு போய் அறுத்தார்களே, அந்த ஏழைகளை எவன் கேட்டான்? இன்றைக்கு அந்தப் பெரியவரை ஏமாற்றியதை நான் ரசித்தால், நாளைக்கு எங்காளு கையெழுத்தில்லாமல் அறுபடும்போது எந்த வாயால் கேட்பேன்? பன்றியிலிருந்தும் இப்படிச் சரக்கு செய்கிறார்கள். ஒரு முஸ்லிமிடம் அதை மறைத்தால் நான் சும்மா இருப்பேனா?

வேறு வழியில்லை என்றும் டாக்டர் சொல்ல முடியாது. நோயாளியின் எலும்பையே எடுக்கலாம், ஆனால் அதற்கு இன்னொரு புண் ஆகும். மனிதர் தானம் தந்த எலும்பு இருக்கிறது. செயற்கைச் சரக்கும் உண்டு. எது வேணும் என்று அவரல்லவா சொல்லணும்?

டாக்டரின் பயமும் புரியாமலில்லை. 'மாடு' என்றால் எழுந்து போய்விடுவார். ஆனால் அந்தப் பயம் யாருக்கு வேலை செய்கிறது? எலும்பு உள்ளே போகலாம், அதன் பேரும் அதை உரித்த கையும் மட்டும் வெளியே தெரியக் கூடாது என்பதுதானே ஏற்பாடு. சொல்லியிருந்தால் பெரியவர் யோசித்திருப்பார். வேண்டாமென்று போயிருக்கலாம். வேணுமென்று சொல்லியிருந்தால், தெரிந்தே சொல்லியிருப்பார். இந்த இரண்டாவதைத்தான் நான் பார்க்க ஆசைப்பட்டிருக்கணும்.

அன்றைக்கு நானும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அம்மாவுக்கும் எலும்பு நிரப்பணுமாம். என்னவென்று சொல்லிவிட்டு வையுங்கள் என்று டாக்டரிடம் கேட்கப்போகிறேன். அம்மா, "நமக்கென்னடா, மாடுதானே" என்கிறாள்.