கொடுத்த வாக்கும் கொடாத குருதியும்

கொடுப்பதாகச் சொன்ன பொருளைக் கொடாமல் நின்றுவிடுவது எப்போது குறையாகிறது, எப்போது குற்றமாகிறது? பழைய கேள்விதான். கடனிலும் காணியிலும் இதனை ஆராய்ந்தோர் அநேகர். இன்றைய மருத்துவமோ இக்கேள்வியை எலும்புக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறது.

நாட்பட்ட மையலாய்டு லுகேமியா என்னும் இரத்தப் புற்றில், எலும்பு மஜ்ஜையிலுள்ள மூல உயிரணு ஒன்றில் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தத்தம் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதன் வழிவந்த வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. 2001இல் இமாட்டினிப் மாத்திரை வந்த பின், இந்நோயினர் பெரும்பாலோர் மாத்திரையோடே நெடுநாள் வாழ்கின்றனர். ஆயினும் மாத்திரைக்கு அடங்காமல் நோய் முற்றியவர்களுக்கு, பிறர் தரும் மூல உயிரணுக்களே நிலையான குணத்திற்குப் பெரும்பாலும் எஞ்சும் வழி. உடன்பிறந்தார் ஒருவரின் திசு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

கொடுப்பவர் படும் துன்பம் பெரிதன்று. மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சுவர். அல்லது நாலைந்து நாள் ஊசி மருந்து செலுத்தி, இரத்தத்தில் இறங்கிவரும் மூல உயிரணுக்களை இயந்திரத்தால் பிரித்தெடுப்பர். இழந்தது சில வாரங்களில் ஊறிவிடும். பெறுபவர் நிலையோ வேறு. புதிய அணுக்கள் உள்ளே வருமுன், பல நாள் கடும் மருந்தாலும் சிலபோது கதிர்வீச்சாலும் அவருடைய மஜ்ஜையை அழிக்கிறார்கள். முற்றிலும் அழித்த பின் திரும்பும் வழியில்லை. அந்நாளில் கொடையாளர் 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டால், நோய் கொல்லுமுன் சிகிச்சையே அவரைக் கொன்றுவிடக்கூடும். அப்போதும் கொடையாளரைப் பலவந்தப்படுத்தலாகாது என்பதே மருத்துவ உலகின் நியதி.

1978இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இதற்கு அணுக்கமான வழக்கொன்று நடந்தது. நோய் வேறு, மஜ்ஜை இரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிடும் நோய். நோயாளியின் ஒன்றுவிட்ட சகோதரர் முதற் சோதனைக்கு உடன்பட்டார். பொருத்தம் தெரிந்ததும் அடுத்த சோதனைக்கு வர மறுத்துவிட்டார். நோயாளி நீதிமன்றத்தை நாடினார். மறுப்பு அறத்தின் முன் நில்லாதது என்று கண்டித்த நீதிபதி, ஒருவர் உடலைத் துளைத்து இன்னொருவருக்கு எடுத்துக்கொடுக்கச் சட்டம் கட்டளையிடாது என்றே தீர்த்தார். அடுத்த மாதமே நோயாளி இறந்தார்.

அத்தீர்ப்பைக் கல்நெஞ்சத் தீர்ப்பு என்போர் உண்டு. நாம் ஓதிய ஃபிக்ஹு நூல்களும் அவ்விடத்திலேதான் கோடு கிழிக்கின்றன. பட்டினியால் சாகக் கிடப்பவனுக்கு, தனக்கு அவசியப்படாத உணவை ஒருவன் மறுத்தால், அதைப் பலவந்தமாக எடுக்கவும் அந்நூல்கள் இடந்தருகின்றன. ஆனால் உயிரோடிருக்கும் இன்னொருவனின் உடலிலிருந்து ஒரு துண்டை அறுத்தெடுக்க இடந்தருவதில்லை. மஜ்ஜை இவ்விரண்டில் எதனைச் சேர்ந்தது? ஊற்று நீர்போல் ஊறுவதால் உபரி என்று சொல்லத் தோன்றும். தோலுக்குள் இருப்பதால் அது உடலே. 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, இரத்தமும் தோலும்போலத் தானே புதுப்பித்துக்கொள்வதைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தது. 'கொடுக்கலாம்' என்பது வேறு, 'கொடுத்தே தீரவேண்டும்' என்பது வேறு.

ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டவன் நிலை? நன்கொடை கைக்கு வந்து சேரும்வரை கொடுப்பவன் பின்வாங்கலாம் என்பது ஷாஃபியீ மத்ஹபின் சட்டம். மாலிக்கி அறிஞர்கள் ஓர் உதாரணம் சொல்வார்கள்: 'உன் வீட்டை இடித்துவிடு, திரும்பக் கட்டப் பணம் நான் கடன் தருகிறேன்' என்று ஒருவன் சொல்ல, மற்றவன் அதை நம்பி இடித்துவிட்டால், சொன்னவன் பிறகு நழுவ முடியாது, வாக்கு அவனைக் கட்டும். மாணவப் பருவத்தில் இதைக் கேட்டு, சொந்த வீட்டை எவன் அப்படி இடிப்பான் என்று நாம் சிரித்ததுண்டு. மஜ்ஜையை அழித்துக்கொண்டு படுத்திருப்பவனைப் பற்றி அறிந்தபோது அச்சிரிப்பு நினைவுக்கு வந்து உறுத்தியது.

எனினும் உவமை முழுமையாகப் பொருந்தவில்லை. பணத்தைக் காழி வசூலிக்கலாம். மஜ்ஜையைக் காவலர் பிடித்துவந்து வசூலிக்க முடியாது. ஆகவே இடித்த பின் பின்வாங்குபவன் பெரும் பழிக்கு உரியவன், ஆயினும் ஊசிக்கு உரியவனல்லன் என்பதே நம் முடிவு. மருத்துவர்கள் இதற்கொரு வழியும் கண்டிருக்கிறார்கள். 2020இல் கொரோனா பரவியபோது பல இடங்களில் அணுக்களை முன்னரே பெற்று உறையவைத்தனர். அதன் பிறகே நோயாளியின் மஜ்ஜையை அழித்தனர். பொருள் முதலில் கைக்கு வந்தது, வீடு பிறகு இடிந்தது. உறைதலில் அணுக்கள் சில வீணாகும் என்பதால் எங்கும் எப்போதும் அவ்வாறு செய்வதில்லை.

பழியை எல்லாம் கொடையாளர் தலையிலேயே சுமத்தவும் நமக்கு மனமில்லை. குடும்பம் சூழ்ந்து நிற்க, தாய் கண்ணீரோடு பார்க்க, தம்பி வாயிலிருந்து வரும் 'சரி' எத்தகையது? வெட்கத்தின் பேரில் வந்த சம்மதம் அச்சத்தின் பேரில் உடைவது வியப்பன்று. அதனாலேயே மருத்துவர் அவனைத் தனியே அழைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. அவன் விரும்பாவிடின், காரணம் சொல்லாமல் 'இவர் கொடையாளராகத் தகுந்தவர் அல்லர்' என்று மட்டும் வீட்டாரிடம் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. அது பொய்யாகுமா என்று எம்மைக் கேட்டால், ஆகாது என்போம். விரும்பாதவன் தகுந்தவன் அல்லன்தானே.