முத்திரையின் விலையும் கடதாசியின் பெறுமதியும்

எமது பெற்றோரின் தலைமுறை ஒவ்வொருவராகக் கண்மூடிக்கொண்டிருக்கும் காலம் இது. அவர்கள் விட்டுச்செல்லும் நகைகளைப் பங்கிடுவது பற்றியும் வீடுகளை விற்பது பற்றியும் எமது குடும்பங்களில் நிறையவே பேசப்படுகிறது. ஆனால் அலுமாரியின் அடித்தட்டிலும் பழைய சூட்கேசிலும் பிஸ்கற் ரின்னிலும் கிடக்கும் கடதாசிகளை எவரும் கவனிப்பதில்லை. அவற்றில் ஒட்டப்பட்டிருக்கும் பழைய இறைவரி முத்திரைகள் கண்ணிற் பட்டால் மட்டும் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "இது என்ன விலை போகும்?"

நான் கணக்காளன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் பலமுறை வந்திருக்கிறது. அதைக் கேட்பதில் தவறொன்றும் இல்லை. அதற்குரிய பதிலை முதலிற் சொல்லிவிட்டு, அதற்கு முன்னர் கேட்கப்பட வேண்டிய இன்னொரு கேள்வியை ஆலய அன்பர்களின் சிந்தனைக்கு வைக்க விரும்புகிறேன்.

தபால் முத்திரை என்பது கடிதத்தைக் கொண்டுசெல்வதற்கான கூலி. இறைவரி முத்திரையோ ஓர் ஆவணத்துக்குரிய தீர்வை அரசுக்குச் செலுத்தப்பட்டது என்பதற்கான அடையாளம். ஆவணங்கள் மீது தீர்வை விதிக்கும் முறையை ஒல்லாந்து 1624 இல் தொடங்கியது. இங்கிலாந்து 1694 இல் அதைப் பின்பற்றியது. குடியேற்ற ஆட்சியுடன் அது இலங்கைக்கும் வந்தது. காணி உறுதி, ஈட்டு உறுதி, கடன் பத்திரம், பற்றுச்சீட்டு என எமது முன்னோர் கைச்சாத்திட்ட கடதாசிகளில் அரசன் தலையோ அரசி தலையோ குடியேறியது இவ்வாறுதான்.

முத்திரையை இனங்காண்பது கடினமன்று. முதலில் அதன் முகத்தை வாசியுங்கள். "ஸ்டாம்ப் டியூட்டி" என்றோ "ரெவனியூ" என்றோ மட்டும் அச்சிடப்பட்டிருந்தால் அது தீர்வைக்கென்றே வெளியிடப்பட்டது. "போஸ்டேஜ் அண்ட் ரெவனியூ" என்றிருந்தால் கடிதத்துக்கும் உறுதிக்கும் பொதுவானது. அடுத்து நாணயத்தைப் பாருங்கள். இலங்கையில் ரூபா, சதக் கணக்கு 1872 இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே சிலிங், பென்ஸ் என்றிருந்தால் முத்திரை அதற்கு முந்தியது. பின்னர் தலையைப் பாருங்கள். விக்டோரியா மகாராணி 1901 வரை, ஏழாம் எட்வேர்ட் 1910 வரை, ஐந்தாம் ஜோர்ஜ் 1936 வரை, ஆறாம் ஜோர்ஜ் 1936 இன் இறுதியிலிருந்து 1952 வரை. 1972 மே 22 இல் நாட்டின் பெயரே மாறியது. எனினும் பழைய கையிருப்பு புதிய மன்னர் காலத்திலும் விற்பனையாகியிருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. முத்திரை பாவிக்கப்பட்ட நாளை ஐயமின்றிச் சொல்வது அது ஒட்டப்பட்டிருக்கும் கடதாசியே.

இனி விலைக்கு வருவோம். பொதுநலவாய நாடுகளின் இறைவரி முத்திரைகளுக்கு பெயர்பூட் என்பவரின் விலைப்பட்டியல் சேகரிப்பாளரிடையே பரவலாகப் பாவனையில் உள்ளது. பட்டியலில் இருப்பது வியாபாரி விற்கும் விலை, எமது கைக்கு வரும் விலையன்று என்பதை நினைவிற் கொள்ளுங்கள். எமது பெட்டிகளில் அகப்படும் சாதாரணச் சத முத்திரைகளும் ஒரு ரூபா முத்திரைகளும் பெரும்பாலும் சில பென்ஸ், மிஞ்சினால் ஒரு சில பவுண் மட்டுமே பெறும். ஐந்தாம் ஜோர்ஜ் காலத்தில் 500 ரூபா, 1000 ரூபா முகப்பெறுமதியுடன்கூட இலங்கை முத்திரைகள் வெளிவந்தன. அவ்வளவு பெறுமதியை யாரும் கடிதத்தில் ஒட்டியிருக்க மாட்டார்கள், அவை பெரும்பாலும் உறுதிகளுக்கே பயன்பட்டன. உயர்ந்த பெறுமதியுடைய குடியேற்ற நாட்டு முத்திரைகளில் இருந்த பேனைக் கோட்டை இரசாயனத்தால் அழித்து, போலித் தபால் முத்திரை குத்தி விற்ற மோசடிக்காரர்களும் இருந்திருக்கிறார்கள். ஆகவே வாங்குபவரும் எச்சரிக்கையாகவே வாங்குவார்.

தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றலாமா என்று பலரும் கேட்பதுண்டு. வேண்டாம். பாவித்த முத்திரையை எவரும் கழுவி மீண்டும் பாவித்துவிடக் கூடாது என்பதற்காகவே, அக்கால முத்திரைகள் பல நீர்பட்டாற் கரையும் மையில் அச்சிடப்பட்டன. கழற்றப் போனால் நிறம் போய்விடும். மேலும், முத்திரையைத் தனியாக வாங்குவதைவிட முழு ஆவணத்தோடு வாங்குவதையே விரும்பும் சேகரிப்பாளர் பலர். எனவே வெறும் இலாபக் கணக்கிற்கூட, கழற்றாமல் விடுவதே புத்தி.

இதுவரை சொன்னது விலை. ஒரு முத்திரைக்கு முகப்பெறுமதி ஒன்று உண்டு, சந்தைப் பெறுமதி ஒன்று உண்டு. மூன்றாவதாகச் சாட்சிப் பெறுமதி என்றும் ஒன்று உண்டு. அது எந்த விலைப்பட்டியலிலும் இல்லை.

இலங்கையில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணியைக் கைமாற்றும் ஆவணம் எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கைச்சாத்திடப்பட வேண்டும். மூலப்பிரதி உரியவர் கைக்கும் இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்கும் செல்லும், இன்னொன்றை நொத்தாரிசு வைத்துக்கொள்வார். இணைப்பிரதியில் இத்தனை ரூபா முத்திரையும் மூலத்தில் ஒரு ரூபா முத்திரையும் ஒட்டப்பட்டன என்று நொத்தாரிசு தமது அத்தாட்சியில் எழுதுவது வழக்கம். அதாவது, பெரிய முத்திரைகள் பதிவகத்தில் இருக்க, எமது பெட்டியில் இருப்பது பெரும்பாலும் அந்த ஒற்றை ஒரு ரூபா முத்திரைதான். விலையிற் சொற்பமான அதைப் பிய்த்தெடுத்தால், நொத்தாரிசின் எழுத்துக்கும் கடதாசிக்கும் பொருத்தம் இல்லாமற் போகிறது.

இந்தச் சாட்சிப் பெறுமதி எம்மவருக்குப் புதிதன்று. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் ஒரே இரவில் வெளியேறியபோது எனக்குப் பதின்ம வயது. அம்மா வீட்டுச் சாமான்களில் எதை எடுப்பது, எதை விடுவது என்று தடுமாறினாலும், உறுதிகள் இருந்த பையை மட்டும் முதலிலேயே தோளில் மாட்டிவிட்டார். அன்று சோற்றுப்பானையோடு சமமாக மதிக்கப்பட்ட கடதாசி, இன்று இங்கே முத்திரைக்காகக் கத்தரிக்கப்படுவது சரிதானா?

இங்கேதான் கடினமான பகுதி தொடங்குகிறது. எமக்குச் சாதகமான கடதாசியைக் காப்பதற்கு ஒழுக்கம் தேவையில்லை, சுயநலமே போதும். எமக்குப் பாதகமான கடதாசி அகப்பட்டால் என்ன செய்வது?

அண்மையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தகப்பனார் காலமானபின் சகோதரர் மூவர் அவருடைய பெட்டியைத் திறந்தனர். இளையவர் முத்திரைகளின் விலையைக் கேட்டு என்னை அழைத்தார். முத்திரை ஒட்டிய ஒரு கடதாசி 1938 ஆம் ஆண்டின் ஒற்றி உறுதி. ஒற்றி என்பது யாழ்ப்பாணத்தின் பழைய வழக்கம். 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையிலும் அது சொல்லப்பட்டிருக்கிறது. கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவிப்பார். முதலைத் திருப்பிக் கொடுத்தால் காணியைத் திருப்பிவிட வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தங்களுடையது என்று அவர்கள் நம்பியிருந்த நான்கு பரப்புப் பனங்காணி, அந்தக் கடதாசியின்படி அயல்வீட்டுக்காரருடையது. இவர்களுடைய பாட்டனார் அதை 350 ரூபாவுக்கு ஒற்றிக்குப் பிடித்திருக்கிறார். மீட்டதற்கோ அறுதியாக வாங்கியதற்கோ பெட்டியில் வேறு கடதாசி இல்லை.

மூத்தவர் சொன்னார்: "எண்பது வருசத்துக்கு மேலாச்சு. கேக்க ஆளில்லை. முத்திரையை எடுத்துப்போட்டு மற்றதை விடுங்கோ."

தங்கை மறுத்தார்: "ஆளில்லை எண்டு எப்பிடியண்ணா தெரியும்? அவையும் எங்களைப்போல எங்கையோ ஓடித்தானே போச்சினம்."

மூத்தவரின் வாதத்தை இலகுவாகத் தள்ளிவிட முடியாது. சட்டமே காலத்துக்கு எல்லை வகுக்கிறது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, கைச்சாத்திட்ட கடன் பத்திரத்தின் மீது 6 ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். உரிமையாளரின் உரிமைக்கு மாறாக 10 ஆண்டுகள் தடையின்றி ஆண்டவர் ஆட்சியுரிமை கோரலாம். இதற்கு நியாயமும் உண்டு. சாட்சிகள் இறந்துவிடுவார்கள், நினைவு மங்கிவிடும், எவரும் பாட்டன் காலத்து வழக்குக்கு அஞ்சி வாழக் கூடாது.

ஆயினும் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஒற்றிக்குப் பிடித்தவர் காணிக்குள் வருவது உரிமையாளருக்கு மாறாக அன்று, அவருடைய சம்மதத்தோடு. அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தக் கடதாசியாக இருக்கலாம். மற்றது, காலம் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் நீதிமன்றம் செல்ல முடியாமற் போனவர்களுக்காக, 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் விசேட ஏற்பாடு செய்தது. ஓடிப்போனவனுக்கு எதிராகக் கடிகாரத்தை ஓடவிடுவது நியாயமன்று என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டது. எமது காணிகளுக்காக இந்த நியாயத்தைக் கேட்கும் நாம், எமது பெட்டிக்குள் இருக்கும் அடுத்தவரின் காணிக்கு அதை மறுக்கலாமா?

கணக்கியலில் மாணவர்க்கு முதலிற் கற்பிப்பது, ஐந்தொகைக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதே. சொத்துகளை மட்டும் எழுதிப் பொறுப்புகளை மறைத்த ஏட்டில் எந்தக் கணக்காய்வாளரும் ஒப்பமிட மாட்டார். முதுசமும் அப்படித்தான். அப்பாவின் பெட்டி எமக்கு வந்ததென்றால் அதிலுள்ள முழுவதும் வந்தது என்பதே பொருள். வழக்குத் தொடரும் காலம் முடிந்துவிட்டால் நீதிமன்றத்தின் கதவு மூடப்படுகிறது, ஆனால் ஏட்டிலுள்ள வரி அழிந்துவிடுவதில்லை.

அப்படியானால் பழைய கடன்களையெல்லாம் பேரப்பிள்ளைகள் தீர்க்க வேண்டுமா? அவ்வளவு தூரம் நான் செல்லவில்லை. 1938 இன் 350 ரூபா இன்று எவ்வளவு, இத்தனை காலம் காணிக்கு வேலி அடைத்தவர் யார், பனை நட்டவர் யார் என்பனவெல்லாம் இரு குடும்பங்களும் இருந்து பேசித் தீர்க்க வேண்டியவை. ஆனால் எல்லோராலும் செய்யக்கூடிய மிகக் குறைந்த கடமை ஒன்று உண்டு. சாட்சியை அழிக்காதிருப்பதும், உரியவருக்கு அறிவிப்பதும்தான் அது. கொடுப்பதா இல்லையா என்பது பிறகு பேச வேண்டியது. மறைத்துவிட்டாலோ அந்தப் பேச்சுக்கே இடமில்லாமற் போகிறது.

அந்தச் சகோதரர் மூவரும் ஒரு மாதம் வாதிட்டனர். இறுதியில் ஊரவர் மூலம் விசாரித்து, அயல்வீட்டுக்காரரின் பேரன் ஐரோப்பாவில் இருப்பதை அறிந்து, உறுதியின் நிழற்பிரதியை அனுப்பினர். அதன் பின்னர் அவர்கள் பேசிக்கொண்டது அவர்களுடைய விடயம். முத்திரை இன்னும் கடதாசியிலேயே இருக்கிறது. அதன் விலை இரண்டு பவுணும் வராது.

அன்பர்களே, உங்கள் வீடுகளிலும் இப்படியான பெட்டிகள் இருக்கும். பெரியவர்கள் எம்மோடு இருக்கும்போதே அவற்றைத் திறந்து, எந்தக் கடதாசி எந்தக் காணிக்கு, யாருடைய கையெழுத்து என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இங்கு பிறந்த பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்துங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் முத்திரையிலுள்ள ராசாவின் தலை ஆர்வமூட்டும், அதிலிருந்தே தொடங்கலாம். ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள். எதையும் கத்தரிக்க வேண்டாம், ஊறவைக்க வேண்டாம், பசை நாடா ஒட்ட வேண்டாம். உறவோடு சம்பந்தமில்லாத தனி முத்திரைகள் இருந்தால் தாராளமாக விற்கலாம். ஆனால் ஒரு பெயரும் ஒரு கையெழுத்தும் சேர்ந்திருக்கும் முத்திரையைக் கண்டால், "என்ன விலை போகும்?" என்பதற்கு முன்னர் "இது யாருக்காகச் சாட்சி சொல்கிறது?" என்று கேட்டுப் பழகுவோமாக.