கோட்டையும் முன்னணையும்

பெத்லகேமில் நின்று தென்கிழக்கே பார்த்தால், சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் உச்சியைச் சீவிவிட்டது போல ஒரு குன்று தெரியும். ஏரோது மன்னன் தன் பெயரையே சூட்டிக் கட்டிய ஏரோதியம் கோட்டை அது. கோட்டையைச் சுற்றி மண்ணைக் கொட்டி, குன்றையே உயர்த்திக்கொண்டான். சாக்கடலோரம் மசாதாவில் இன்னொரு கோட்டை. நெடுநாள் முற்றுகையைத் தாங்கும் அளவுக்குத் தானியமும் தண்ணீரும் அங்கே இருந்தன. இத்தனை மதில்களுக்குள் இருந்தும் அவன் பயம் அடங்கவில்லை. சந்தேகப்பட்டு மனைவி மரியம்னேயைக் கொன்றான். பெற்ற பிள்ளைகளில் மூவருக்கு மரண தண்டனை கொடுத்தான். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் ஒரு பச்சைக் குழந்தையைப் பற்றி விசாரித்தபோதுகூடக் கலங்கிப்போனான்.

கிறிஸ்துமஸ் கதையில் பயந்தவர்கள் வேறு சிலரும் உண்டு. சகரியா பயந்தார். மரியாள் கலங்கினாள். யோசேப்பு தயங்கினார். இரவுக் காவலில் இருந்த மேய்ப்பர்கள் நடுங்கிப்போனார்கள். இவர்கள் எல்லாருக்கும் தேவதூதன் சொன்னது ஒரே சொல்: பயப்படாதே.

அந்தச் சொல்லோடு ஆளுக்கொரு வேலையும் வந்தது. முதிர்ந்த வயதில் பிறக்கப்போகும் பிள்ளைக்கு சகரியா பெயர் வைக்க வேண்டும். மரியாள் ஒரு குழந்தையைச் சுமக்க வேண்டும். யோசேப்பு ஊர் என்ன பேசினாலும் மரியாளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேய்ப்பர்கள் இருட்டில் ஒரு முன்னணையைத் தேடிப் போக வேண்டும். சொன்ன உடனே எவருடைய பாடும் லேசாகிவிடவில்லை. சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை. ஏரோதின் வாளுக்குத் தப்பி, இரவோடு இரவாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓட நேர்ந்தது. ஆனாலும் நடந்தார்கள். கடவுள் கோட்டையில் இல்லை, இன்னும் தலைகூட நிற்காத குழந்தையாகத் தங்கள் கையிலேயே இருக்கிறார் என்று நம்பி நடந்தார்கள். இம்மானுவேல் என்ற பெயருக்கு அதுதானே பொருள்: தேவன் நம்மோடு இருக்கிறார்.

1943 கிறிஸ்துமஸ். பெர்லின் நகரின் டேகல் சிறை. ஹிட்லரை எதிர்த்த போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் அந்த ஆண்டு ஏப்ரலில் இருந்து அங்கே அடைபட்டிருந்தார். விமானங்கள் குண்டு வீசும் இரவுகளில் கைதிகள் பூட்டிய அறைகளுக்குள் கிடந்தார்கள். அந்தப் பண்டிகைக்கு அவர் சக கைதிகளுக்காகச் சில ஜெபங்களை எழுதினார். காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, துன்ப வேளைக்கென்று ஒன்று. பார்த்தவர்களுக்கு அவர் அசையாத மனிதர். உள்ளே தான் தவித்ததையோ, மறு ஆண்டு எழுதிய ஒரு கவிதையில் அவரே ஒப்புக்கொண்டார். 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். விசுவாசம் அவர் பயத்தைத் துடைத்துவிடவில்லை. பயந்திருந்த நேரத்திலும் அடுத்த அறைக்காரனை நினைக்க வைத்தது.

இன்று உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது எது? கடனா, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டா, பிள்ளையின் எதிர்காலமா? பயம் தீரட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்த நல்ல காரியம் ஒன்று இருக்கும். பேசாமல் இருக்கும் சகோதரனுக்கு ஒரு போன். தனியாகப் படுத்திருக்கும் நோயாளியின் கட்டிலருகே ஒரு மணி நேரம். இன்றைக்கே, அந்தப் பயத்தோடேயே, எழுந்து போங்கள். மேய்ப்பர்களும் அப்படித்தான் புறப்பட்டார்கள்.

ஜெபம்: ஆண்டவரே, என் பயம் என்னைச் சுற்றி மதிலாகிவிட வேண்டாம். இன்று நான் தட்ட வேண்டிய கதவு வரைக்கும் என்னோடு வாரும். ஆமென்.