யாருடைய தோல்வி?

அமெரிக்கர்கள் 'கால்பந்து' என்று சொல்லும் ஆட்டத்தில் காலால் உதைக்கும் வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுகிறான். மற்றவர்கள் அவன்மேல் விழுந்து அமுக்குகிறார்கள். அந்த ஆட்டத்தைவிட, அதன் ரசிகர்கள் ஓயாமல் நடத்தும் ஒரு வழக்குத்தான் என்னைக் கவர்ந்தது.

விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்று ஓர் ஊர். ஜனத்தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். அவ்வூர்ப் 'பாக்கர்ஸ்' அணிக்குக் கோடீசுவர முதலாளி கிடையாது. 1923 முதல் பொதுமக்கள் பங்கு வாங்கிக் காப்பாற்றி வரும் அணி அது. பங்குக்கு லாபம் ஒரு காசு வராது. ஆனாலும் இன்று 5 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பங்குதாரர்கள். ஆகையால் தங்கள் அணி ஆள் பொறுக்கியதில் நேர்ந்த பிழைகளைப் பற்றி அவர்கள் வாதாடும்போது, சொந்த வீட்டுக் கணக்கைப் பார்க்கிற உரிமையும் ஆத்திரமும் அதில் இருக்கும்.

ஆள் பொறுக்கும் முறை 1936இல் ஏற்பட்டது. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக அழைத்துக்கொள்ளும். முந்திய பருவத்தில் மிகக் கேவலமாகத் தோற்ற அணிக்கு முதல் உரிமை. எளியவனுக்கு முதல் பந்தி என்கிற தர்மம்! இந்தத் தர்மத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. 1988இல் பாக்கர்ஸ் கடைசி இரண்டு ஆட்டங்களில் ஜெயித்தது. அதனாலேயே முதல் இடம் டல்லாஸுக்குப் போயிற்று, பாக்கர்ஸுக்கு இரண்டாவது. ஜெயித்ததற்குத் தண்டனை!

1989இல் அந்த இரண்டாவது இடத்தில் அவர்கள் அழைத்தவர் டோனி மாண்டரிச். மிச்சிகன் ஸ்டேட் கல்லூரி வாலிபர். 300 பவுண்டுக்கு மேல் எடை. அந்த உடம்போடு அதிசயமான ஓட்டம். பத்திரிகைகள் அட்டைப்படம் போட்டுக் கொண்டாடின. அவருக்கு முன்னால் டல்லாஸுக்குப் போனவர் ட்ராய் எய்க்மன். பின்னால் போன மூவர் பாரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியான் சாண்டர்ஸ். இந்த நால்வரும் பிற்காலத்தில் புகழ்மண்டபத்தில் இடம் பெற்றார்கள். நடுவில் நின்ற மாண்டரிச்சைப் பாக்கர்ஸ் சில ஆண்டுகளில் கைவிட்டது. பாரி சாண்டர்ஸோ பக்கத்து அணியான டெட்ராயிட்டுக்காக 10 பருவங்களில் 15,269 கஜம் ஓடினார். ஒவ்வொரு பருவத்திலும் கிரீன் பேக்கு எதிராகவே வந்து நின்றார். ரசிகர்களின் வயிற்றெரிச்சலைப் புரிந்துகொள்ள இது போதும்.

'மகா மோசமான தேர்வு' என்ற பட்டியலில் மாண்டரிச் தனியாக இல்லை. 1980இல் அழைக்கப்பட்ட புரூஸ் கிளார்க், கிரீன் பேக்கு வர மாட்டேன் என்று கனடாவுக்குப் போய்விட்டார். 1981இல் வந்த ரிச் காம்ப்பெலுக்கு ஓர் ஆட்டத்தையேனும் முதலிலிருந்து ஆடும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2007இல் வந்த ஜஸ்டின் ஹாரெல் காயத்துக்குமேல் காயம் பட்டு ஓய்ந்தார்.

சற்று நிதானித்துப் பாருங்கள். ஒருவர் தம் விருப்பப்படி வேறிடம் போனவர். ஒருவர் போதிய திறமை காட்டாதவர். ஒருவர் உடம்பு ஒடிந்தவர். மாண்டரிச்சோ, கல்லூரி நாட்களில் ஸ்டீராய்டு மருந்துகளால் உடம்பை வளர்த்ததாக 2008இல் தாமே ஒப்புக்கொண்டவர். சுதந்திரமும் இயலாமையும் துரதிருஷ்டமும் வஞ்சனையும் ஒரே குற்றப் பத்திரிகையில்! கொலைகாரனையும் காலராவில் செத்தவனையும் ஒரே கயிற்றில் கட்டுகிற நீதிபதியை நாம் என்னவென்று சொல்வோம்?

"கூலி வாங்கினான் அல்லவா, ஏச்சையும் வாங்கட்டும்" என்பார்கள். கேட்கத் தக்க வாதந்தான். மாண்டரிச் சம்பளப் பேரத்தில் பிடிவாதம் பிடித்துப் பயிற்சிக்கு வராமல் இழுத்தடித்தவரும் கூட. அவருடைய பொய்யை நான் மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் பட்டியல் போடுகிறவர்கள் அவரைப் பொய்யர் என்றா சேர்த்தார்கள்? அந்த ரகசியம் வெளிவருமுன்பே அவர் பட்டியலின் தலைப்பில் இருந்தார். அவர்மேல் அவர்களுக்கு இருந்த கோபமெல்லாம், தாங்கள் எதிர்பார்த்தபடி அவர் ஆகவில்லை என்பதே.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. முடிவைத் தெரிந்துகொண்டு முதல் அத்தியாயத்தைத் திருத்தலாம். ரசிகர்கள் அந்தச் சௌகரியத்தை வாழ்க்கையிலும் எடுத்துக்கொள்கிறார்கள். 1989இல் மாண்டரிச்சை ஒதுக்கியிருந்தால் அன்றைக்கு ஊரே தலையில் அடித்துக்கொண்டிருக்கும். மறுபுறம், 1956இல் பதினேழாவது சுற்றில், 199 பேர் போன பிறகு, இதே பாக்கர்ஸ் அழைத்தவர் பார்ட் ஸ்டார். அவர் ஐந்து பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார். அதை மகத்தான தேர்வு என்று மெச்சுகிறார்கள். அத்தனை சுற்றுகள் அவரை அழைக்காமல் இருந்த கண்களை யாரும் குறை சொல்வதில்லை.

'தேர்வு' என்பது தேர்ந்தவரின் செயல். அப்படியிருக்க, அவமானம் மட்டும் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தலையில் விழ வேண்டும்? 1989இல் அணிக்கு ஆள் பொறுக்கும் பொறுப்பில் இருந்தவர் டாம் பிராட்ஸ். 1991இல் அவர் வேலையும் போயிற்று. ஆனால் ஏளனத்துக்கு ஒரு பெயர் வேண்டியபோது ரசிகர்கள் அவரைக் கூப்பிடுவதில்லை. சீருடை அணிந்து கண்ணெதிரே தோற்றவனைத்தான் கூப்பிடுகிறார்கள்.

குடியிலும் வலிமருந்திலும் சிக்கியிருந்த மாண்டரிச் 1995இல் சிகிச்சை பெற்று மீண்டார். 1996 முதல் 1998 வரை இண்டியானாபொலிஸ் அணியில் ஒழுங்காக ஆடினார். அந்த மூன்று பருவங்களும் கிரீன் பே பட்டியலில் சேர்வதில்லை. வேறு அணிக்கு ஆடியதல்லவா!