விடுவதற்காகப் பிடித்தல்

நம் தமையனாரின் பேரன் இங்கிலாந்தில் பணிபுரிகின்றான். சென்ற தை மாதம் விடுமுறையில் வந்தவன், கோபாலபுரத்தில் நம் இல்லத்தில் பத்து நாட்கள் தங்கியிருந்தான். முட்டை கலந்த பண்டத்தைக்கூடத் தொடாதவன்; அந்தக் குளிர்நாட்டிலும் இயன்ற நாட்களில் இரவுணவு தவிர்ப்பவன். ஒரு நாள் மாலை அவன் தன் பையிலிருந்து சிறிய தகரப் பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்து காட்டினான். உள்ளே இறகுத் துணுக்குகளும் பட்டு நூலும் கொண்டு கட்டிய வண்ணப் பூச்சிகள் வரிசையாக இருந்தன. ஏதோ பூவேலைப் பொருள் என்று எண்ணி ஒன்றை எடுத்தோம். விரலில் முள் தைத்தது.

“அத்தைப் பாட்டி, பார்த்து! அது தூண்டில்” என்றான்.

அவன் வீட்டருகே ஒரு சிற்றாறு ஓடுகின்றதாம். அதில் டிரவுட் என்னும் மீன் உண்டாம். நீர்மேல் வந்தமரும் பூச்சியைத் தின்னும் மீன் ஆகையால் பூச்சி போன்ற தூண்டிலை வீசிப் பிடிக்கின்றார்கள். பிடித்த மீனை ஈரக் கையால் பற்றி, முள்ளை நீக்கி, மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகின்றார்கள். முள்ளில் எதிர்முள் கிடையாது, காயம் சிறிதே. “நான் இதுவரை ஒரு மீனையும் கொன்றதில்லை, உண்டதும் இல்லை. இதில் அகிம்சைக்கு என்ன குறை?” என்று கேட்டான். குறும்பாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டான். ஆகையால் உடனே கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குச் சினம் விடையாகாது என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதற்பாடம்.

இந்த மீன் நம் தமிழகத்திற்கும் அந்நியமன்று. நீலகிரியில் உதகையிலிருந்து சுமார் 28 கி.மீ. தொலைவில் உள்ள அவலாஞ்சியில் இதற்கெனவே ஒரு குஞ்சு பொரிப்பகம் 1907-இல் அமைக்கப்பட்டது. அம்மலையின் ஓடைகளில் டிரவுட் இயற்கையாக இருந்ததில்லை. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணிபுரிந்தவரும் மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதியவருமான பிரான்சிஸ் டே, 1860-களில் இங்கிலாந்திலிருந்து மீன் முட்டைகளைக் கப்பலில் கொணர்ந்து நீலகிரியில் வளர்க்க முயன்றார். அம்முயற்சி பயன் தரவில்லை. பின்னர் சென்னை அரசாங்கம் அமர்த்திய வில்சன் என்னும் வல்லுநர், 20-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட் இனத்தை அங்கே நிலைபெறச் செய்தார். பசிக்காகவா இத்தனை பாடு? அன்று. மலைக்கு இளைப்பாற வந்த துரைமார்களுக்குத் தங்கள் நாட்டு ஆற்றங்கரையின் பொழுதுபோக்கு இங்கும் வேண்டியிருந்தது. பெண் மீனின் வயிற்றைக் கையால் அழுத்தி முட்டைகளைத் தட்டில் எடுத்து, ஆண் மீனின் விந்தோடு கலந்து, குளிர்ந்த ஓடுநீரில் பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்து ஓடையில் விடுவார்கள். பிறப்பதற்கு முன்னரே தூண்டிலுக்கென்று குறிக்கப்பட்ட உயிர் அது. ஊன் உண்பதற்காக வளர்ப்பதை நாம் அறிவோம். விளையாடுவதற்காகவே ஓருயிரைக் கடல் கடந்து கொணர்ந்து பெருக்குவது வேறொரு வகை.

இதைச் சொன்னபோது பேரன் வியந்தான். ஆயினும் விடவில்லை. “மிருகசேனன் கதையை நீங்கள்தானே சிறுவயதில் எனக்குச் சொன்னீர்கள்?” என்றான்.

வாசகர்களுள் பலர் அறிந்த கதைதான். அவந்தி நாட்டுச் செம்படவன் மிருகசேனன், யசோதர முனிவரை வணங்கி விரதம் வேண்டினான். வலையில் முதலில் அகப்படும் மீனைக் கொல்லாது விடுக என்றார் முனிவர். அன்று அகப்பட்ட முதல் மீனுக்கு அடையாளம் கட்டி நீரில் விட்டான். மீண்டும் வலை வீச, அதே மீன். ஐந்து முறையும் அதுவே வந்தது. ஐந்து முறையும் விட்டான். வெறுங்கையோடு திரும்பியவனுக்கு மனைவி கதவு திறக்கவில்லை. வெளியே கிடந்து, இரவில் அரவம் தீண்டி இறந்தான். அடுத்த பிறவியில் ஐந்து முறை சாவிலிருந்து தப்பினான்.

“அவன் ஒரு மீனை விட்டான். நான் எல்லா மீனையும் விடுகிறேன். அவனுக்குப் புண்ணியம், எனக்குப் பாவமா?” என்றான் பேரன்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் சுவாத்தியாயத்தின்போது தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தை எடுத்தோம். அகிம்சை அணுவிரதத்திற்கு உமாசுவாமி கூறும் அதிசாரங்கள் ஐந்து: கட்டுதல், அடித்தல், உறுப்பைத் துளைத்தல் அல்லது அறுத்தல், மிகு சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். எத்தனையோ முறை மனனம் செய்வித்த பட்டியல். ஆனால் இவற்றுள் கொலை என்பது ஒன்றுமே இல்லை என்பது அன்றுதான் நம் கண்ணில் பட்டது! ஐந்தும், உயிர் போகாமல் உயிருக்குச் செய்யும் துன்பங்களே. கொல்லவில்லை என்பதோடு கணக்கு முடிந்துவிடும் என்றால் ஆசாரியர் இந்த ஐந்தையும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. உதட்டைத் துளைப்பதும், நூலில் கட்டி இழுப்பதும் இவற்றுள் அடங்கும்.

மீனுக்கு வலிக்குமா என்பதில் மேலைநாட்டாருக்கு நெடுங்காலம் ஐயம் இருந்தது. 2003-இல் ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிறுவனத்தில் லின் ஸ்னெடன் முதலானோர் இதே வானவில் டிரவுட்டை ஆராய்ந்தனர். அதன் முகத்தில் ஆய்ந்த 58 உணர்விகளுள் 22, வலியை உணர்பவை என்று கண்டனர். உதட்டில் தேனீ நஞ்சையோ அமிலத்தையோ செலுத்தியபோது சில மீன்கள் உதட்டைக் கூழாங்கற்களில் தேய்த்தன. நெடுநேரம் உணவு கொள்ளவில்லை. இம்முடிவை மறுப்போரும் உளர். மீனை ஐம்பொறி உயிர் என்று சொல்லி வந்த நமக்கு இதில் புதுமை இல்லை. அதை மெய்ப்பிக்க நஞ்சு செலுத்த வேண்டியிருந்ததே என்பதுதான் வருத்தம்.

மற்றொரு செய்தி நம்மை வியக்கச் செய்தது. சுவிட்சர்லாந்து நாட்டின் 2008-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகள், திரும்ப விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதைத் தடை செய்கின்றன. உண்பதற்குப் பிடிக்கலாம்; விடுவதற்காகப் பிடிக்கலாகாது! நம் செவிக்கு இது தலைகீழாக ஒலிக்கும். ஆயினும் நம் அனர்த்ததண்ட விரதத்தை எண்ணினால் அதில் ஒரு பொருள் புலப்படும். பயனின்றி உயிர்களைத் துன்புறுத்தலை விலக்குவது அவ்விரதம். பசித்தவன் கொன்று தின்பதும் பாவமே. ஆனால் அவனிடம் கேட்டால் சொல்வதற்குப் பசி என்ற ஒரு காரணமாவது உண்டு. உண்டு களைத்தவன் உதடு துளைப்பதற்கு என்ன காரணம் சொல்வான்?

மிருகசேனனுக்கும் நம் பேரனுக்கும் உள்ள வேற்றுமையும் இங்கேதான். அவன் கொலைத்தொழிலில் பிறந்தவன். ஒரு மீனை விட்டதால் அன்றைய உணவை இழந்தான், வீட்டுக் கதவை இழந்தான், உயிரையே இழந்தான். இம்சையிலிருந்து வெளியேறும் வழியில் அவன் வைத்த முதலடி அது. இவனோ கொல்லா நோன்புக் குடியில் பிறந்து, இல்லாத தூண்டிலைத் தேடி விலைக்கு வாங்கியவன். விடுதல் இருவருக்கும் ஒன்றாகத் தோன்றினும், ஒருவன் படியிறங்கி வெளியே வருகின்றான். மற்றவன் உள்ளே போகின்றான். இதைச் சொன்னபோது அவன் தலைகுனிந்தான். நமக்கும் சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டோமோ என்றிருந்தது.

ஏனெனில் நம் கையும் தூயதன்று. 1974-இல் நாம் பணியாற்றிய பள்ளியில் இயற்கைப் பாடத்திற்காக ஏரியிலிருந்து கெண்டைக் குஞ்சுகளைப் பிள்ளைகளைக் கொண்டு பிடிக்கச் செய்து கண்ணாடிச் சாடியில் வைத்தோம். பாடம் முடிந்ததும் ஏரியில் விட்டுவிடுவதே எண்ணம். வெள்ளிக்கிழமை மாலை மறந்து வகுப்பைப் பூட்டினோம். திங்களன்று பதினொன்றும் மிதந்தன. பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்தார்கள். கொல்லும் எண்ணம் நமக்குக் கடுகளவும் இல்லை. ஆயினும் இம்சையின் இலக்கணத்தில் உமாசுவாமி முதலில் வைத்த சொல் பிரமாதம், அதாவது கருத்தின்மை. விடுவேன் என்னும் எண்ணம் பிடிக்கும்போதே நம்மைச் சோம்பச் செய்துவிடுகின்றது. பண்டிகை நாட்களில் கூண்டுப் பறவைகளை விலைக்கு வாங்கிப் பறக்கவிடுவோர் உளர். அவர்கள் வாங்குவதற்கென்றே மறுநாள் வேடன் கண்ணி வைக்கின்றான் என்பதை எண்ணுவதில்லை.

புறப்படும் முன்நாள் பேரன் ஒன்று சொன்னான். “எங்கள் ஆற்றில் சாக்கடை கலந்தால் முதலில் வழக்குத் தொடுப்பவர்கள் தூண்டில்காரர்கள்தான். நீரைச் சோதிக்கிறவர்கள், கரையைக் காக்கிறவர்கள் அவர்கள்தான். உங்கள் கூவத்தில் யாரும் தூண்டில் போடுவதில்லை, அத்தைப் பாட்டி. மீன் நன்றாக இருக்கிறதா?”

இதற்கு நம்மிடம் விடை இல்லை. கூவம் நம் வீட்டிலிருந்து தொலைவில் இல்லை. பாலத்தைக் கடக்கும்போது முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வோம், அவ்வளவே. நீரையே உயிர் என்று சொல்லும் அறத்தைச் சேர்ந்த நாம், அந்நீருக்காக ஒரு விண்ணப்பம்கூட எழுதியதில்லை. பிடிக்காமல் இருந்தோம், பார்க்காமலும் இருந்தோம். தூண்டில்காரர் ஆற்றைக் காப்பது தமது இன்பத்திற்காக என்று சொல்லலாம். சொன்னால் ஆறு தூய்மையாகிவிடாது.

அவன் ஊர் சேர்ந்த பின் ஒரு கடிதம் எழுதினோம். கோடையில் ஒரு நாள் தூண்டிற்கோலை வீட்டில் வைத்துவிட்டு அதே கரைக்குச் செல்லும்படியும், மீன் எழும் இடத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்க்கும்படியும், அப்போது கை எதைத் தேடுகின்றது என்பதை ஒளிக்காமல் எழுதும்படியும் கேட்டிருந்தோம். நீருக்காக நாம் செய்யத்தக்கது யாது என்று அவனையே கேட்டு ஒரு வரியும் சேர்த்தோம். பதில் இன்னும் வரவில்லை.