திருத்தினால் ஸ்கோர் போய்விடும்

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு எலெக்ட்ரானிக் டிரம் பேட் இருக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. அதை லேப்டாப்பில் செருகி நான் ஆடும் விளையாட்டு குளோன் ஹீரோ. 2005-இல் வந்த கிட்டார் ஹீரோவின் வழியில் ரசிகர்கள் உருவாக்கிய இலவச விளையாட்டு. பாட்டு ஓட ஓட, திரையில் வண்ணக் குறிகள் நம்மை நோக்கி வரும். கோட்டைத் தொடும் நொடியில் அடிக்க வேண்டும். எந்தக் குறி எப்போது வர வேண்டும் என்று எழுதிவைத்த கோப்புக்குப் பெயர் சார்ட். அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

நானும் ஒன்று எழுதினேன். 'சகலகலா வல்லவன்' படத்தின் 'இளமை இதோ இதோ' பாட்டுக்கு. 1982-இல் வந்த பாட்டு, இன்றும் டிசம்பர் 31 ராத்திரி எங்கள் தெருவில் ஏதாவது ஒரு ஸ்பீக்கரில் ஒலித்தே தீரும். டிரம்ஸுக்கும் கிட்டாருக்கும் சேர்த்து எழுத மூன்று வாரம் ஆனது. எதிர்வீட்டுத் தம்பி, ப்ளஸ் டூ படிப்பவன், கிட்டார் பகுதியை ஒரு குறிகூடத் தவறாமல் வாசித்து முடித்தான். ஃபுல் காம்போ. அந்தத் திரையைப் படமெடுத்து போனில் வால்பேப்பராக வைத்துக்கொண்டான். டிரம்ஸில் நானும் ஃபுல் காம்போ எடுத்தேன்.

ஒரு வருஷம் கழித்து, நல்ல ஹெட்போன் ஒன்று கிடைத்தபோதுதான் என் தவறு காதில் விழுந்தது. ஓரிடத்தில் நான் கிக் டிரம் என்று எழுதிய மூன்று அடிகள் கிக் டிரம்மே இல்லை, பேஸ் கிட்டார். பழைய இயர்போனில் இரண்டும் ஒரே 'தும்'மாகக் கேட்டிருக்கிறது. பாட்டில் இல்லாத மூன்று அடியை ஒரு வருஷமாக நான் சரியாக அடித்துக்கொண்டிருந்தேன்!

திருத்துவது இரண்டு நிமிஷ வேலை. மூன்று வரியை அழித்தால் போதும். ஆனால் அழித்தால் ஸ்கோர் போய்விடும். சார்ட் கோப்பு முழுவதையும் கணக்கிட்டு அதற்கு ஒரு கைரேகை மாதிரி ஓர் எண்ணை இந்த விளையாட்டு வைத்துக்கொள்கிறது. ஸ்கோர் பாட்டின் பெயரோடு அல்ல, அந்தக் கைரேகையோடு கட்டப்பட்டிருக்கிறது. பாட்டின் பெயரை மாற்றினால் ஒன்றும் ஆகாது, அது வேறு கோப்பில் இருக்கிறது. சார்ட்டில் ஒரே ஒரு குறியைத் தொட்டாலும் கைரேகை மாறிவிடும், விளையாட்டு அதைப் புதுப் பாட்டென்று நினைத்துக்கொள்ளும். டிரம்ஸும் கிட்டாரும் ஒரே கோப்பில் இருப்பதால், டிரம்ஸைத் திருத்தினால் தம்பியின் கிட்டார் ஸ்கோரும் கண்ணில் படாமல் போகும்.

அதனால் நான் திருத்தவில்லை. 'பாவம், சின்னப் பையன் கஷ்டப்பட்டு எடுத்த ஸ்கோர்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெருந்தன்மை மாதிரிதான் இருந்தது.

அப்பாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் தரப் பரிசோதனை அவர் வேலை. லேத்தில் கடைந்து வரும் பீஸ்களை கேஜ் வைத்துப் பார்த்து பாஸ், ரிஜெக்ட் என்று பிரிப்பார். கேட்டுவிட்டு, "கேஜ் தப்புன்னு தெரிஞ்சா அதை மட்டும் மாத்தினா போதாதுடா. அது பாஸ் பண்ண பீஸெல்லாம் எங்க போச்சுன்னு தேடணும்" என்றார். இது அவர் சொந்தச் சரக்கல்ல. ஐஎஸ்ஓ 9001 தரவிதியிலேயே இருக்கிறது: அளக்கும் கருவி பழுதென்று தெரிந்தால், அதை வைத்து முன்பு அளந்த அளவுகள் செல்லுமா என்றும் பார்க்க வேண்டும். பீஸ் ஒரு வண்டியின் பிரேக்கில் போய் உட்காரப்போகிறது என்றால் இது நியாயம்தான்.

2024 நீட் தேர்விலும் இதுதான் நடந்தது. ஓர் இயற்பியல் கேள்விக்குப் பழைய பாடநூலை நம்பி எழுதியவர்களுக்கும் சேர்த்து, இரண்டு விடைகளைச் சரியென்று ஏற்றிருந்தார்கள். முதலில் வந்த முடிவில் 67 பேர் 720-க்கு 720. அவர்களில் 44 பேரின் முழு மதிப்பெண் அந்தச் சலுகையால் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. டெல்லி ஐஐடி நிபுணர்கள் ஒரு விடைதான் சரி என்றார்கள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஐந்து மதிப்பெண் குறைந்தது. ஜூலை 26-இல் வந்த திருத்திய பட்டியலில் முழு மதிப்பெண் 17 பேருக்குத்தான். பழைய புத்தகத்தைப் படித்தவர் செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. ஆனாலும் மதிப்பெண்ணை அப்படியே விட முடியாது. ஏனென்றால் அங்கே ஒருவருடைய எண் இன்னொருவருடைய இடத்தைத் தள்ளுகிறது.

என் மாடி அறையில் யாருடைய சீட்டும் போகப்போவதில்லை, எந்த பிரேக்கும் உடையப்போவதில்லை. அப்படியானால் பழைய ஸ்கோரை அப்படியே புதுச் சார்ட்டுக்கு மாற்றிவிட்டால் என்ன? ஸ்கோர் கோப்புக்குள் கைவைக்கத் தெரிந்தவருக்கு அது முடியாத காரியமல்ல. யாருக்கு நஷ்டம்?

இந்தக் கேள்வியோடு உட்கார்ந்தபோதுதான் எனக்கு வேர்த்தது. தம்பியின் ஸ்கோரை மாற்றி வைத்தால் அதில் பொய்யே இல்லை. கிட்டாரில் ஒரு குறியும் மாறவில்லை. அவன் வாசித்தது அப்படியே புதுச் சார்ட்டிலும் இருக்கிறது. என் கதை வேறு. ஒரு குறிக்கு 50 புள்ளி, தொடர்ந்து தவறாமல் வந்தால் நான்கு மடங்கு. இல்லாத மூன்று அடிக்கு நான் வாங்கியது 600 புள்ளி. அதைப் புதுச் சார்ட்டுக்குக் கொண்டுபோனால், நான் வாசிக்காத ஒன்றை வாசித்ததாக அந்த எண் சொல்லும். கோப்பை மட்டும் பார்க்கும் இயந்திரத்துக்கு இந்த இரண்டு ஸ்கோரும் ஒன்றுதான். செய்தது என்ன என்று பார்க்க வேண்டியவன் நான்.

ஒரு வருஷமாக 'அந்தப் பையனுக்காக' என்று நான் சொன்னதெல்லாம் என் ஃபுல் காம்போவுக்காக. பையனைக் குடையாகப் பிடித்து நான் நனையாமல் நின்றிருக்கிறேன். திருத்தத்தைத் தள்ளிப்போடும்போது நாம் யாருடைய பெயரைச் சொல்கிறோம் என்று ஒருதரம் திரும்பிப் பார்ப்பது நல்லது. அந்த ஆளைக் கேட்டுப்பார்த்தால் பாதி நேரம் அவருக்கு அது ஒரு பிரச்சினையாகவே இருக்காது.

அதற்காகப் பழையதை அழிக்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. பழைய சார்ட்டில் நான் எடுத்தது உண்மையான ஸ்கோர்தான். தவறான கேள்விக்கு உண்மையாக எழுதிய பதில். பழைய ஸ்கோர் எங்கும் போய்விடுவதுமில்லை. பழைய கோப்பை அதன் இடத்தில் திரும்ப வைத்தால், அதுவும் திரும்ப வந்து நிற்கும். திருத்தம் நியாயம், பழைய எண்ணும் நியாயம். இரண்டையும் ஒரே பெயரில் ஒட்டவைப்பதுதான் பொய். எனவே பழைய கோப்பை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் 'திருத்தியது' என்று இன்னொன்றை வைத்தேன்.

தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "கிட்டார்ல எதுவும் மாறலல்ல அண்ணா? அப்ப விடுங்க, திரும்ப அடிச்சுக்கலாம்" என்றான். அரை மணி நேரத்தில் அடித்தும் விட்டான்.

நான் இன்னும் எடுக்கவில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் கால் தானாகப் போய் பெடலை மிதிக்கிறது. குறி இல்லாத இடத்தில் அடித்தாலும் காம்போ உடையும். கோப்பில் அழிக்க இரண்டு நிமிஷம் ஆனது. காலில் இருந்து அழிக்க இது நான்காவது வாரம்.